சேட்டையா? குறைபாடா? இருவரும் சேர்ந்து போய்க் காட்டுங்கள்



"உங்க பையன் ஒரு நிமிஷம் உட்கார மாட்டேங்கிறான். பக்கத்துப் பிள்ளையையும் எழுத விடறதில்லை" என்று பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லி அனுப்புகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் பையனுக்கு அடி விழுகிறது. மறுநாளும் அதே புகார். மறுபடியும் அடி. இப்படியே ஒரு வருஷம் ஓடிவிடுகிறது. பையன் மாறவில்லை. ஆனால் இரண்டு காரியங்கள் நடந்துவிட்டன. பையனுக்குப் பள்ளிக்கூடம் என்றாலே கசந்துவிட்டது. புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் குறை சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி நடக்கிறதா? அப்படியானால் இந்தப் பிரசுரத்தைக் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

ஒரு வீட்டுப் பேச்சு

ஒரு தம்பதிக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் மூன்றாம் வகுப்பு. இளையது கைக்குழந்தை. கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்த கிராம சுகாதார செவிலியர், மூத்தவன் முதுகில் தடிப்பைப் பார்த்துவிட்டு விசாரிக்கிறார்.

நர்சம்மா: என்னம்மா இது, பிள்ளை முதுகு இப்படி வீங்கியிருக்கு?

மனைவி: என்னத்தைச் சொல்ல நர்சம்மா! மூணு மாசத்துல ஆறு பென்சில் டப்பா தொலைச்சுட்டான். நேத்து கிணத்து மேட்டுல ஏறி நிக்கிறான். இவுக வந்து பார்த்துட்டு விளாசிப்புட்டாக.

கணவர்: அடிக்காம என்ன பண்ணச் சொல்றீங்க? முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும், பிள்ளையை அடிச்சு வளர்க்கணும்னு சும்மாவா சொன்னாங்க? எல்லாம் இவ குடுத்த செல்லம்.

மனைவி: ஆமா, நான்தான் செல்லம் குடுத்தேன்! நீங்க என்னைக்காச்சும் அவன் பக்கத்துல அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கீகளா?

நர்சம்மா: சரி சரி, சண்டை வேண்டாம். தம்பி, ஒண்ணு கேக்கறேன். இத்தனை நாளா அடிச்சீங்களே, ஒரு நாளாவது குணம் தெரிஞ்சுதா?

கணவர்: (சற்று யோசித்து) இல்லை. அடி வாங்குன அரை மணி நேரத்துல மறந்துட்டு மறுபடியும் ஓடறான்.

நர்சம்மா: காய்ச்சல் அடிச்சா மருந்து குடுக்கறோம். மூணு நாள்ல குறையலைன்னா டாக்டர்கிட்ட போறோம். ஒரு வருஷமா குணம் தெரியாத மருந்தை மட்டும் ஏன் திரும்பத் திரும்பக் குடுக்கறீங்க? ஒரு தடவை காட்டித்தான் பார்ப்போமே.

இந்தக் கேள்வியை ஒவ்வொரு பெற்றோரும் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இது என்ன குறைபாடு?

சில பிள்ளைகளுக்கு மனத்தை ஓர் இடத்தில் நிறுத்துவதும், கைகாலை அடக்கி உட்காருவதும், 'பொறு' என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வதும் மற்றப் பிள்ளைகளைவிட மிகவும் கஷ்டமாக இருக்கும். மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடே இதற்குக் காரணம். இதைக் 'கவனக் குறைவு மிகை இயக்கக் குறைபாடு' என்று சொல்வார்கள். டாக்டர்கள் சுருக்கமாக 'ஏ.டி.எச்.டி.' என்பார்கள்.

இது பைத்தியம் அல்ல. புத்தி மந்தமும் அல்ல. நல்ல அறிவுள்ள பிள்ளைக்கும் இது இருக்கலாம். உலக அளவில் நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு இது இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடையாளங்கள் எவை?

கவனக் குறைவு உள்ள பிள்ளை:

1. தெரிந்த கணக்கிலேயே அசட்டையாகத் தப்புச் செய்யும்.
2. நேரே நின்று பேசினாலும் காதில் வாங்காதது போல் இருக்கும்.
3. தொடங்கிய வேலையைப் பாதியில் விட்டுவிடும்.
4. நோட்டு, பென்சில், செருப்பு என்று எதையாவது தொலைத்துக்கொண்டே இருக்கும்.
5. கடைக்கு அனுப்பினால் எதற்கு வந்தோம் என்பதையே மறந்துவிடும்.
6. வெளியே ஒரு டிராக்டர் சத்தம் கேட்டால் போதும், படிப்பை விட்டு மனம் அங்கே ஓடிவிடும்.

மிகை இயக்கம் உள்ள பிள்ளை:

1. உட்கார்ந்த இடத்தில் நெளிந்துகொண்டே இருக்கும். வகுப்பில் எழுந்து எழுந்து போகும்.
2. ஏறக் கூடாத இடத்தில் ஏறும். ஓடக் கூடாத இடத்தில் ஓடும்.
3. ஓயாமல் பேசும். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லும்.
4. தன் முறை வரும் வரை வரிசையில் நிற்க முடியாது.
5. பிறர் பேச்சிலும் விளையாட்டிலும் குறுக்கே புகும்.

சில பிள்ளைகளுக்கு முதல் வகை மட்டும் இருக்கும். சிலருக்கு இரண்டாவது வகை மட்டும். பலருக்கு இரண்டும் சேர்ந்திருக்கும்.

பெண் பிள்ளைகளைக் குறிப்பாகக் கவனியுங்கள். பெண் பிள்ளைக்குப் பெரும்பாலும் கவனக் குறைவு மட்டுமே இருக்கும். யாருக்கும் தொந்தரவு தராமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். 'சாதுவான பொண்ணு, படிப்புதான் ஏறலை' என்று சொல்லிப் படிப்பை நிறுத்திவிடுகிறோம். புகார் வரவில்லை என்பதற்காகக் குறை இல்லை என்று நினைக்கக் கூடாது.

எல்லாச் சேட்டையும் குறைபாடு அல்ல

ஓடுவதும் குதிப்பதும் பிள்ளைகளின் இயல்பு. ஆகவே மேலே சொன்னதைப் படித்ததும் பயந்துவிட வேண்டாம். டாக்டர்கள் நான்கு அளவுகோல்களை வைத்துப் பார்க்கிறார்கள்.

ஒன்று: காலம். ஒரு வாரம், பத்து நாள் அல்ல. ஆறு மாதத்துக்குக் குறையாமல் இந்த அடையாளங்கள் இருந்திருக்க வேண்டும்.

இரண்டு: இடம். பள்ளிக்கூடத்தில் மட்டும் அல்லது வீட்டில் மட்டும் என்றால் போதாது. இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். வீட்டில் நன்றாக இருந்து பள்ளியில் மட்டும் தொல்லை என்றால் காரணம் வேறாக இருக்கலாம்.

மூன்று: வயது. அடையாளங்கள் 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதே சமயம் 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இதை உறுதியாகச் சொல்வது கடினம்.

நான்கு: பாதிப்பு. படிப்பு, நட்பு, உயிர்ப் பாதுகாப்பு இவற்றில் ஏதாவது ஒன்று நிஜமாகவே கெட வேண்டும்.

காட்டுவதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டியவை

இந்தக் குறைபாட்டை இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியாது. ஸ்கேனிலும் தெரியாது. அப்படியானால் டாக்டர் எப்படித் தெரிந்துகொள்கிறார்? நீங்கள் சொல்வதிலிருந்தும், வாத்தியார் சொல்வதிலிருந்தும், பிள்ளையை நேரில் பார்ப்பதிலிருந்தும்தான். ஆகவே நீங்கள் கொண்டுபோகும் செய்தியே பரிசோதனையில் பாதி.

புதிய இடத்தில், புதிய ஆளைக் கண்டதும் பிள்ளை அரை மணி நேரம் ஒழுங்காக உட்கார்ந்துவிடுவதும் உண்டு. 'இங்க வந்து நல்ல பிள்ளையாட்டம் உட்கார்ந்திருக்கானே!' என்று திகைக்க வேண்டாம். இதற்காகத்தான் குறிப்பு எடுத்துச் செல்லச் சொல்கிறோம்.

ஒரு பழைய நோட்டில் இரண்டு வாரம் எழுதி வாருங்கள். எழுத வராதவர்கள் அக்கம்பக்கத்துப் படித்த பிள்ளையிடம் சொல்லி எழுதச் செய்யலாம். 'ரொம்பச் சேட்டை' என்று எழுதினால் பயன் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். உதாரணம்: 'திங்கள்கிழமை. சோறு சாப்பிடும்போது நான்கு தடவை எழுந்தான்.' 'புதன்கிழமை. வீட்டுப் பாடம் மூன்று வரி எழுதினான். பிறகு ஆட்டுக்குட்டி பின்னால் போய்விட்டான்.' பிள்ளை எந்த வேலையில் ஆர்வமாக, அமைதியாக இருந்தது என்பதையும் எழுதுங்கள். அதுவும் டாக்டருக்கு வேண்டும்.

கூடவே இவற்றையும் எடுத்துச் செல்லுங்கள்:

1. வகுப்பு வாத்தியாரிடம் ஒரு கடிதம். பிள்ளை வகுப்பில் எப்படி இருக்கிறது என்று அவர் நான்கு வரி எழுதித் தந்தால் போதும்.
2. மதிப்பெண் அட்டையும் இரண்டு பழைய நோட்டுகளும்.
3. தடுப்பூசி அட்டை, பிரசவ ஆஸ்பத்திரிச் சீட்டு. குறைமாதப் பிரசவமா, பிறந்த எடை எவ்வளவு, பிறந்ததும் அழுததா என்று கேட்பார்கள்.
4. வலிப்பு, தலையில் அடி, காதில் சீழ், குறட்டை, தூக்கக் குறைவு இருந்தால் அந்த விவரம்.
5. குடும்பத்தில் வேறு யாருக்காவது சிறு வயதில் இப்படி இருந்ததா என்ற விவரம்.

வீட்டில் சண்டை, குடி, யாராவது இறந்துபோனது, பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு வேலைக்குப் போனது இவை எதையும் மறைக்கக் கூடாது. மனக் கஷ்டத்தாலும் பிள்ளை இப்படி நடந்துகொள்ளும். உள்ளதைச் சொன்னால்தான் சரியான வழி கிடைக்கும்.

எங்கே போவது?

முதலில் உங்கள் ஊர்ச் செவிலியரிடம் அல்லது ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் சொல்லுங்கள். 2013-ஆம் ஆண்டில் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்னும் அரசுத் திட்டத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஆண்டுக்கு ஒரு முறையும் வந்து பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை இத்திட்டத்தில் அடங்கும். அவர்கள் கவனிக்கும் குறைகளில் ஏ.டி.எச்.டி.யும் ஒன்று. குழு வரும் நாளை வாத்தியாரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் தவறாதீர்கள்.

அங்கிருந்து மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்துக்குச் சீட்டு எழுதித் தருவார்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் உள்ள மனநலப் பிரிவிலும் காட்டலாம். இத்திட்டத்தில் பரிசோதனைக்குப் பணம் இல்லை. பஸ் செலவும் ஒரு நாள் கூலியும்தான் நமக்கு நஷ்டம்.

வழி தெரியவில்லை என்றால் 104 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம். 14416 என்பது 2022-ல் தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் மனநல ஆலோசனை எண். இரவு பகல் எந்நேரமும் பேசலாம். கட்டணம் இல்லை.

அங்கே என்ன நடக்கும்?

ஊசி போடுவார்களோ, கட்டிப் போடுவார்களோ என்று பிள்ளை பயப்படும். 'டாக்டர் உன்னோட பேசுவாங்க, படம் போடச் சொல்லுவாங்க, விளையாட்டு குடுப்பாங்க' என்று முதல் நாளே சொல்லிக் கூட்டிப் போங்கள். 'ஒழுங்கா இல்லைன்னா ஊசி போடச் சொல்லிடுவேன்' என்று மிரட்டாதீர்கள்.

முதலில் காதையும் கண்ணையும் பார்ப்பார்கள். காது சரியாகக் கேட்காத பிள்ளை கூப்பிட்டால் திரும்பாது. கரும்பலகை தெரியாத பிள்ளை பக்கத்து நோட்டை எட்டிப் பார்க்கும். இரண்டையும் நாம் சேட்டை என்று சொல்லிவிடுகிறோம். இரத்த சோகை இருக்கிறதா, தேவைப்பட்டால் தைராய்டு கோளாறு உண்டா என்றும் பார்ப்பார்கள். சில வினாடி விழித்தபடி உறைந்து நின்றுவிடும் ஒரு வகை வலிப்பும் உண்டு. அதையும் கவனக் குறைவு என்று தவறாக நினைக்க வாய்ப்பு உண்டு. உள்நாக்குப் பக்கத்துச் சதை வளர்ந்து, குறட்டை விட்டு, ராத்திரி சரியாகத் தூங்காத பிள்ளையும் பகலில் நிலைகொள்ளாமல் இருக்கும்.

பிறகு பெற்றோருக்கு ஒரு வினாத்தாளும் வாத்தியாருக்கு ஒரு வினாத்தாளும் தருவார்கள். படிக்கத் தெரியாவிட்டால் கேட்டு எழுதிக்கொள்வார்கள். மனநல ஆலோசகர் பிள்ளையோடு தனியாகப் பேசுவார். படிக்க, எழுத, கணக்குப் போடச் சொல்லிப் பார்ப்பார். எழுத்துக் கூட்டிப் படிப்பதில் மட்டும் தடுமாறும் 'கற்றல் குறைபாடு' தனியாகவோ இதனுடன் சேர்ந்தோ இருக்கலாம்.

இவ்வளவும் ஒரே நாளில் முடியாமல் போகலாம். இரண்டு, மூன்று தடவை வரச் சொன்னால் சலித்துக்கொள்ளாதீர்கள். அஞ்சு நிமிஷம் பார்த்துவிட்டு முடிவு சொல்வதைவிட மூன்று தடவை பார்த்துச் சொல்வதே நல்லது.

தெரிந்த பிறகு

6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு முதலில் மருந்து இல்லை. எப்படிப் பழக்குவது என்று பெற்றோருக்குத்தான் பயிற்சி. ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை சொல்வது, சொன்னதைச் செய்தவுடனே பாராட்டுவது, எழுந்திருக்கும் நேரமும் தூங்கும் நேரமும் மாறாமல் பார்த்துக்கொள்வது போன்றவை அதில் அடங்கும். பெரிய பிள்ளைக்கு இதோடு பள்ளியின் ஒத்துழைப்பும், தேவைப்பட்டால் மருந்தும் சேரும். முன் பெஞ்சில் உட்கார வைப்பதும், பாடத்தைச் சிறு சிறு பகுதியாகக் கொடுப்பதும், நடுவில் கரும்பலகை துடைக்க எழுப்பிவிடுவதும் வாத்தியார் செய்யக் கூடிய உதவிகள்.

சந்தேகங்களும் விளக்கங்களும்

கே: தாய் சரியாக வளர்க்காததால்தானே இப்படி?
ப: இல்லை. இது பெரிதும் பரம்பரையாக வருவது. குறைமாதத்தில் அல்லது எடை குறைவாகப் பிறந்த குழந்தைக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். தாயின் குற்றமும் அல்ல, தகப்பனின் குற்றமும் அல்ல.

கே: செல்போனால் வந்த நோய் என்கிறார்களே?
ப: 1902-லேயே லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றிப் பேசியிருக்கிறார். அன்று செல்போன் ஏது? ஆனால் ராத்திரி வெகுநேரம் செல்போன் பார்த்துத் தூக்கம் கெட்டால் தொல்லை கூடும். ஆகவே அளவு வேண்டும்.

கே: கோயிலுக்குப் போய் மந்திரிச்சுக் கயிறு கட்டினால் போதாதா?
ப: கோயிலுக்குப் போவது உங்கள் நம்பிக்கை. தாராளமாகப் போங்கள். ஆனால் அதற்காக ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப் போடாதீர்கள். கட்டிப் போடுவது, சூடு வைப்பது போன்றவற்றைச் செய்யவே கூடாது.

கே: மாத்திரை கொடுத்தால் பிள்ளை மந்தமாகிவிடுமா?
ப: இது மயக்க மாத்திரை அல்ல. மனத்தை நிறுத்த உதவுவது. பசி குறையலாம், தூக்கம் தள்ளலாம். அதனால்தான் டாக்டர் எடை, உயரம், நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே வருவார். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கவும் கூடாது, நீங்களாக நிறுத்தவும் கூடாது, அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கவும் கூடாது.

கே: பெரியவனானால் தானாகச் சரியாகிவிடாதா?
ப: சிலருக்கு வயது ஏற ஏற ஓட்டம் குறையும். பலருக்குக் கவனக் குறைவு பெரியவர்களான பிறகும் தொடரும். கவனிக்காமல் விட்டால் படிப்பு பாதியில் நிற்கும். யோசிக்காமல் ரோட்டில் ஓடுவதும் கிணற்று மேட்டில் ஏறுவதும் உயிருக்கே ஆபத்து.

கே: 'பையனைக் கூட்டிக்கிட்டுப் போயிடுங்க' என்று பள்ளியில் சொன்னால்?
ப: 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது. அடிக்கவும் கூடாது. சண்டை பிடிக்காமல் தலைமை ஆசிரியரிடம் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டுங்கள்.

மறுபடியும் அந்த வீட்டில்

நர்சம்மா சொன்னபடி அந்தத் தம்பதி இரண்டு வாரம் குறிப்பு எழுதினார்கள். பகலில் மனைவி பார்த்ததைச் சொல்ல, ராத்திரி கணவர் எழுதினார். அப்படி எழுதும்போது ஒரு நாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

கணவர்: ஏம்மா, இதைப் படிக்கப் படிக்க என்னையே எழுதின மாதிரி இருக்கு. நானும் இப்படித்தான். பலகையைத் தொலைச்சேன், பையைத் தொலைச்சேன். எங்கப்பா புளிய விளாரால அடிச்சாரு. ஏழாம் வகுப்போட நின்னுட்டேன். படிப்பு வராத முட்டாப் பயன்னு நானே நம்பிட்டேன்.

மனைவி: அப்ப அவனையும் அப்படி நம்ப விடாதீங்க. நாளைக்கு நானும் நீங்களும் சேர்ந்தே போவோம்.

இருவரும் போனார்கள். மூன்று தடவை போக வேண்டியிருந்தது. பையனுக்கு ஏ.டி.எச்.டி. இருப்பது தெரிந்தது. கொஞ்சம் இரத்த சோகையும் இருந்தது. இன்று அவன் முன் பெஞ்சில் உட்காருகிறான். இன்னும் பென்சில் தொலைக்கிறான். ஆனால் அதற்காக அடி வாங்குவதில்லை. தொலைத்ததை அப்பாவிடம் வந்து சொல்கிறான். முன்பெல்லாம் ஒளிந்துகொள்வான்.

பெற்றோர்களே, நினைவில் வையுங்கள்!

ஆறு மாதத்துக்கு மேல், வீட்டிலும் பள்ளியிலும் தொல்லை இருந்தால் காட்டுங்கள்.

நடந்ததை நடந்தபடி குறிப்பு எழுதுங்கள். வாத்தியார் கடிதம் வாங்குங்கள்.

காதையும் கண்ணையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒருவரை ஒருவர் குறை சொல்லாதீர்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தே போங்கள். தாய் பார்த்தது ஒன்று, தகப்பன் பார்த்தது ஒன்று. இரண்டும் சேர்ந்தால்தான் முழு விவரம் கிடைக்கும்.

என்னவென்று தெரியும் வரை பிள்ளையை அடிக்காதீர்கள். தெரிந்த பிறகும் அடிக்காதீர்கள்.